வலது முழங்கால்

பச்சை வெண்டைக்காயை ஒடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது என்று அண்ணன் சொன்னான். 1991 பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி. வள்ளியூர் பக்கம் எங்கள் ஊரில் அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் கபடி. நாலு மூலையிலும் கம்பு நட்டு ட்யூப்லைட் கட்டியிருந்தார்கள். அண்ணன் பாடிக்கொண்டு போய் ஒருத்தனைத் தொட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்துத் திரும்பினான். அதற்குள் ஓரத்தில் நின்றவன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. அவ்வளவுதான். செம்மண்ணில் உட்கார்ந்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். திண்ணையில் கிடத்தியபோது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: “ஏட்டி, வெண்டைக்காய ஒடிச்சாப்ல சத்தம் கேட்டுது. வேற யாருக்கும் கேக்கலியாம்.”

2022 ஏப்ரலில் எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரி மைதானம், லக்ராஸ் ஆட்டம். வெயில் இருந்தும் காற்று ஊசியாய்க் குத்தியது. மடக்கு நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் நுனியில் வலை கட்டிய கோலில் பந்தை ஏந்தி, மணிக்கட்டை அசைத்து அசைத்து அதைத் தாலாட்டிக்கொண்டே கோல் கம்பத்தை நோக்கி ஓடினாள். எதிரே வந்த பெண்ணை ஏமாற்ற வலது காலை ஊன்றி இடப்பக்கம் வெட்டித் திரும்பினாள். அந்தப் பெண் ஒரு கை தூரத்தில் நின்றாள், மேலே படவே இல்லை. என் மகள் விழுந்தாள். விழுந்தவள் அழவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு காரில் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்தபடி, “உள்ள ஏதோ சடக்குன்னு ஒடிஞ்சதும்மா, எனக்குக் கேட்டுச்சு” என்றாள். ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனுக்கும் வலது கால்தான்.

ஜவ்வு கிழிந்துவிட்டது என்று நம் ஊரில் கபடி ஆடுகிறவர்களும் கால்பந்து ஆடுகிறவர்களும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். முழங்காலுக்குள் இரண்டு ஜவ்வுகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து நிற்கின்றன. முன்பக்கத்து ஜவ்வு, கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுகாமலும் திருகாமலும் பிடித்து வைக்கிறது. நேராக நடக்க அது பெரிதாகத் தேவைப்படாது. ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று நிற்கவும் திரும்பவும் குதித்து இறங்கவும் அது இல்லாமல் முடியாது. அறுந்தால் இரண்டு நுனியும் மூட்டு நீரில் விலகிக் கிடக்குமே தவிர, பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. பெரும்பாலும் அடுத்தவர் மேலே மோதாமலேதான் அறுகிறது. ஊன்றிய காலில் முழங்கால் உள்பக்கமாகச் சரியும் அந்த ஒரு நொடி போதும். ஒரே மாதிரி ஆட்டத்தில் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இது இரண்டு, மூன்று மடங்கு அதிகம். எலும்பின் அமைப்பு, தசையின் பலம், குதித்து இறங்கும் விதம் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். பயிற்சியால் பாதியாவது தடுக்கலாம் என்கிறார்கள். அந்தப் பயிற்சியைச் சின்ன வயதிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் கட்டாயமாக்கவில்லை என்ற என் ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

லக்ராஸ் எங்கள் வீட்டுக்குள் வந்தது நாங்கள் குடியேறிய இடத்தால். மேரிலாந்தில் ஹோவர்ட் கவுண்டிப் பக்கம் வசந்தம் வந்தால் எந்தப் புல்வெளியிலும் வலைக்கோல்தான். இந்த மாநிலம் 2004-ல் அதைத் தன் அதிகாரபூர்வ அணி விளையாட்டாகவே அறிவித்தது. பெண்கள் ஆட்டம் ஸ்காட்லாந்து வழியாகச் சுற்றி வந்தது. 1884-ல் கனடா நாட்டுப் பூர்வகுடி ஆட்டக்காரர்களின் போட்டியைக் கண்ட ஒரு தலைமையாசிரியை, 1890-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்த தன் பள்ளி மாணவிகளை ஆட வைத்தார். அங்கிருந்து வந்த ரோசபெல் சின்க்ளேர் 1926-ல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் அமெரிக்காவின் முதல் பெண்கள் அணியைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு கராஜ் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பிடிக்கத் தொடங்கியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தப் பந்து கெட்டி ரப்பர், 140 கிராமுக்கு மேல் எடை. சுவரில் படும் ஒலி சமையலறைவரை வரும். இருட்டிய பிறகும் நிற்காது.

அவள் சேர்ந்த கல்லூரி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அடுக்கில் மூன்றாம் டிவிஷன். அங்கே ஆட்டத்துக்காக ஒரு டாலர்கூட உதவித்தொகை கிடையாது, விதியே அப்படி. காசும் இல்லை, வேலையும் இல்லை, பிறகு எதற்குக் காலை உடைத்துக்கொள்கிறாள் என்று சொந்தக்காரர்கள் போனில் கேட்டார்கள். அண்ணன் ஒருத்தன்தான் கேட்கவில்லை. அவன் ஆடியது ரயில்வே வேலைக்காக என்று ஊரே சொல்லும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுப்பார்கள், திருச்சிக்கோ மதுரைக்கோ போய்விடுவான் என்று அப்பா கடைத்தெருவில் பேசிக்கொண்டு திரிந்தார். ஆனால் அண்ணன் விடியற்காலையில் யாருமில்லாத பொட்டலில் தனியாக மூச்சடக்கிப் பாடிப் பழகுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவன் முகத்தில் இருந்ததற்கு ரயில்வேயோடு ஒரு சம்பந்தமும் கிடையாது.

முதல் அறுவைச் சிகிச்சையில் முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணின் நடு மூன்றில் ஒரு பங்கை, இரு முனையிலும் எலும்புத் துண்டோடு வெட்டி எடுத்து, அறுந்த ஜவ்வின் இடத்தில் துளை போட்டுப் பொருத்தினார்கள். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குளிர்ந்த நீர் சுழலும் ஒரு பெட்டி, குழாய், முழங்காலைச் சுற்றி ஒரு பை. அதன் உறுமல் இரவெல்லாம் கேட்கும். மறுநாள் பிசியோதெரபிஸ்ட் குதிகாலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, “முழங்காலைக் கீழே அழுத்து, தொடையை இறுக்கு” என்றார். மகள் பல்லைக் கடித்தாள். நெற்றி நரம்பு புடைத்தது. தொடை அசையவே இல்லை. மூட்டுக்குள் வீக்கம் இருக்கும்வரை மூளை அந்தத் தசையை அணைத்து வைத்துவிடுமாம். முந்தின வாரம்வரை மைதானத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பறந்த கால், தன்னுடைய சொல்லையே கேட்காமல் கட்டிலில் கிடப்பதை அவள் பார்த்த பார்வையை நான் யாருக்கும் விவரித்ததில்லை. பிறகு மின்தூண்டலுக்குப் பசைப்பட்டைகளை ஒட்டித் தசையைத் துடிக்க வைத்தார்கள். வாரம் ஒரு தடவை டேப்பால் தொடையின் சுற்றளவை அளந்து இடதுகாலோடு ஒப்பிட்டு எழுதினார்கள். தையற்காரர் டேப் போலவே மஞ்சள் டேப்.

கல்லூரி லக்ராஸ் பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதமாவது பொறுக்க வேண்டும். 2016-ல் வந்த ஒரு நார்வே - அமெரிக்க ஆய்வு, 9 மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடுவதைப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. வசந்தத்தில் அறுந்தால் மறு பிப்ரவரிக்குள் கணக்கு நேராகிவிடும். நேராகிவிடுவதுதான் பொல்லாதது. நாள் வந்துவிட்டது, பரிசோதனையிலும் தேறிவிட்டாள். தரையில் ஒட்டிய டேப்பின் மேல் ஒற்றைக்காலில் தத்தித் தத்தி எவ்வளவு தூரம் போகிறாள், இடது காலில் 90 சதவீதம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். வந்தது. படியிறங்கும்போது கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே இறங்கினாளே, அதை அளக்க அந்தத் தாளில் ஒரு கட்டமும் இல்லை.

2023 மார்ச்சில் இரண்டாம் தடவை. இந்த முறை அவளுக்கும் சத்தம் கேட்கவில்லை. பந்தைப் பிடிக்க எம்பி இறங்கியவள் இரண்டு எட்டு நடந்து வந்தாள், கோச்சைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினாள், கோட்டுக்கு வெளியே வந்து தானே உட்கார்ந்தாள். பொருத்திய ஜவ்வு அறுந்திருந்தது. வலது காலில் எடுக்க வேண்டியதை எடுத்தாகிவிட்டதால் இடது காலில் எடுக்கலாம் என்றார் டாக்டர். அப்படிச் செய்வது வழக்கம்தான். நானும் தலையாட்டினேன், அவளும் தலையாட்டினாள். நல்ல காலிலும் கத்தி பட்டது. அதன்பின் மண்டியிடுவது என்பது இரண்டு காலிலும் நோவு. அவளுக்கு அப்போது 20 வயது ஆகியிருக்கவில்லை.

25 வயதுக்குக் கீழே இந்த ஆபரேஷன் செய்துகொண்டு ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களில் 23 சதவீதம் பேருக்கு, அதே காலிலோ மறு காலிலோ, மறுபடி அறுகிறது. 2016-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் கணக்கு இது. ஏறக்குறைய நாலில் ஒருத்தர். மூன்று பேர் தப்புகிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் நினைத்துக்கொள்கிறோம்.

அந்த மே மாதக் கடைசியில் இரண்டு காலையும் தலையணை மேல் போட்டுக்கொண்டு அவள் டிவியில் பெண்கள் கல்லூரி லக்ராஸின் முதல் டிவிஷன் இறுதிப் போட்டியைப் பார்த்தாள். நார்த்வெஸ்டர்ன் பாஸ்டன் காலேஜை 18-6 என்று வென்றது. நார்த்வெஸ்டர்னின் இஸி ஸ்கேன் அதே ஜவ்வு அறுந்து 2022 சீசன் முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்தவர். 2023-ல் திரும்பி வந்து கோப்பையையும், நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான டெவாரட்டன் விருதையும் வென்றார், அந்த விருதை மறுவருஷமும் வென்றார். அபாரமான பெண். அவர் ஓடுவதைப் பார்க்கையில் எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆட்டம் முடியுமுன்னே மகளின் போனில் செய்திகள் வந்து விழுந்தன. தோழிகள், பழைய கோச், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் ஒரே சொல்லைத்தான் அனுப்பியிருந்தார்கள்: பார், அடுத்து நீ. அன்பாகத்தான் அனுப்பினார்கள். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அண்ணனுக்கு ஸ்கேன் எடுக்க யாரும் சொல்லவில்லை. அப்பா அவனைக் கன்னியாகுமரிப் பக்கம் ஒரு ஆசானிடம் கூட்டிப் போனார். எண்ணெய் போட்டு நீவி, மூங்கில் பத்தை வைத்து, முட்டையின் வெள்ளைக்கரு தடவிய துணியால் இறுக்கக் கட்டினார்கள். வீடெல்லாம் அந்த எண்ணெய் வாடை. வீக்கம் வடிந்தது, வலியும் போனது. ஆடலாம் என்றார்கள். ஆடினான். நேராகப் பாய்ந்து போகும்போது ஒன்றுமில்லை, திரும்பும்போது முழங்கால் நழுவியது. விழுவான், எழுவான், மறுபடி கட்டுப் போடுவான். ரயில்வே தேர்வுக்குப் போன இடத்திலும் நழுவியது. ஒருநாள் நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கபடியும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் படியில் நழுவி ரோட்டில் விழுந்தான். அதற்குப் பிறகு பொட்டல் பக்கமே போகவில்லை. வாழைக்காய் கமிஷன் கடையில் கணக்கெழுத உட்கார்ந்தான். பொங்கல் போட்டிக்கு ஊரே போகும் ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்பான்.

2023 டிசம்பரில் குலதெய்வக் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனோம். பந்தியில் எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார, ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் 52 வயது மாமா, இன்னொன்றில் 20 வயது மருமகள். மடியில் இலையை வைத்துச் சாப்பிட்டார்கள். அவளை ஒருத்தி “இந்த வயசுல கீழ உக்கார முடியலியா?” என்று கேட்டதற்கு அண்ணன்தான் பதில் சொன்னான்: “எங்களுக்குத் தனிப் பந்திலா.” சாப்பிட்டதும் வேப்பமரத்தடியில் நார்க்கட்டிலில் அவனைப் படுக்கச் சொன்னாள். வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றி, காலை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைக்கால் பக்கமாகப் பிடித்து முன்னால் இழுத்தாள். டாக்டர் அவளுக்குச் செய்து செய்து அவள் கற்றுக்கொண்ட பரிசோதனை. நல்ல முழங்காலில் அந்த இழுப்பு ஓரிடத்தில் வெடுக்கென்று நின்றுவிடும். அண்ணனுடைய கீழ்க்கால் நிற்காமல் மெதுவாக முன்னால் வந்துகொண்டே இருந்தது. அவள் இடது காலிலும் செய்து பார்த்தாள். மறுபடி வலது கால். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “அம்மா, மாமாவுக்கு அந்த ஜவ்வே இல்லை” என்றாள்.

32 வருஷத்துக்குப் பிறகு அவனுக்குச் சொல்லப்பட்ட முதல் நோய்க்குறிப்பு அது. எழுந்து உட்கார்ந்து வேட்டியை இறக்கிவிட்டான். “அப்போ நான் பயந்து ஆடலன்னு சொன்னது பொய்தான மருமவளே?” என்றான். அப்படியொரு பேச்சு ஊரில் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அவன் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறான்.

2024 சீசன் வெளியே உட்கார்ந்தே போனது. அட்டையில் தாளை மாட்டிக்கொண்டு யார் எத்தனை பந்து எடுத்தார்கள் என்று குறிப்பெடுத்தாள், தண்ணீர் பாட்டில் நிரப்பினாள், அணி பஸ்ஸில் போனாள். அணியில்தான் இருந்தாள். ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவள் ஆடிப் பார்த்ததே இல்லை. கல்லூரி கவுன்சிலரிடம் போகத் தொடங்கியது அப்போதுதான், அதைச் சொல்ல அவள் வெட்கப்படவில்லை. மறுபடி ஆட வந்த அந்த இலையுதிர் காலப் பயிற்சியில் ஒரு வலைக்கோல் அவள் காதுக்கு மேலே பட்டது. பெண்கள் ஆட்டத்தில் தலையை நோக்கிக் கோலை வீசக்கூடாது, அதனால் ஆண்களைப் போலத் தலைக்கவசமும் கிடையாது. கண்ணுக்குக் கம்பிக் கண்ணாடி மட்டும். ஃப்ளோரிடா மட்டும் 2018-ல் பள்ளிப் பெண்களுக்கு மென்கவசத்தைக் கட்டாயமாக்கியது. மூளையதிர்ச்சி என்றார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது, இரண்டு வரி படித்தால் குமட்டியது. வீட்டுக்குக் கூட்டி வந்தோம். திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவளுடைய மானுடவியல் பாடத்தை நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

நியூயார்க் மாநிலத்தின் வடக்கிலும் ஒன்டாரியோவிலும் வாழும் ஹோடனஷோனி என்ற பூர்வகுடி மக்களின் ஆட்டம் லக்ராஸ் என்று அந்தப் பாடத்தில் இருந்தது. படைத்தவனை மகிழ்விக்க ஆடுகிறார்கள். ஊரில் ஒருவர் நோயில் கிடந்தால் அவர் தேற வேண்டும் என்று ஆடுகிற மருந்தாட்டமும் உண்டு. ஹிக்கரி மரத்தை வளைத்துச் செய்த கோல்கள். அந்தச் சடங்காட்டத்தில் மரபுப்படி பெண்கள் ஆடுவதில்லை. யாருக்காக ஆடுகிறார்களோ அவருடைய உடம்புதான் அங்கே முக்கியம். வாசிப்பதை நிறுத்திவிட்டேன். இருட்டில் மகள், “இன்னொரு தடவை அந்தப் பத்தியைப் படிங்க” என்றாள். படித்தேன்.

2025 பிப்ரவரியில், கடைசி சீசனின் தொடக்கத்தில், வலது முழங்கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டது. உள்ளே மெனிஸ்கஸ் என்ற குஷன் கிழிந்து மடிந்து நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் படத்தைக் காட்டினார். தைக்கலாம், தைத்தால் இந்த சீசன் போகும், மேற்படிப்புக்குச் சேர்ந்தால் இன்னொரு சீசன் ஆட வாய்ப்புண்டு என்றார். மகள் கேட்டாள்: “என் 40 வயசுல இந்தக் கால் எப்படி இருக்கும்?” அந்த மனிதர் சுற்றி வளைக்கவில்லை. ஒரு தடவை ஜவ்வும் குஷனும் போனவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10, 20 வருஷத்தில் மூட்டுத் தேய்மானம் வந்துவிடுகிறது, உனக்கு ஏற்கெனவே குருத்தெலும்பு சில இடத்தில் மெலிந்திருக்கிறது என்றார். அவள் நன்றி சொன்னாள். தைத்துக்கொண்டாள். ஆட்டத்தை விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த செய்திகளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மனம் தளராதே, எத்தனை பேர் மூன்றாம் தடவையும் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று எழுதியவர்கள் அதிகம். திரும்பி வந்தவர்களின் கதைதான் எங்கும் புழங்குகிறது. பத்திரிகை அதைத்தான் போடுகிறது, கோச்சுகள் அதைத்தான் சொல்கிறார்கள், பெற்றோராகிய நாமும் ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு அதைத்தான் தேடிப் படிக்கிறோம். நிறுத்தியவர்களின் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. என் மகள் நிறுத்தியதைப் பெருமையோடு சொல்கிறேன். அவள் ஓடிய ஓட்டத்தைப் போலவே அதுவும் அவளுடைய காரியம். கேட்கிறவர்கள் அனுதாபமாக உச்சுக் கொட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அண்ணனிடம் அவளே போன் போட்டுச் சொன்னாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. “நல்லது மருமவளே. ஆடுன மட்டும் நல்லா ஆடுன. போதும்” என்றான். பிறகு, “எங்கிட்ட அப்படி யாரும் சொல்லல பாத்துக்க” என்றான். அவள் அழுதாள். மூன்று ஆபரேஷனிலும் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

இப்போது பிசியோதெரபி மேற்படிப்புக்கான பாடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறாள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஆறு பேர் ஆடும் லக்ராஸ் வருகிறது, டிக்கெட் வாங்க வேண்டும் என்கிறாள். ஆட்டம் பிடிக்காமல் போய்விடவில்லை. மழைநாளில் படியிறங்கும்போது இன்னும் கைப்பிடியைத் தொடுகிறாள். அண்ணனுக்கோ முழங்கால் முழுவதும் தேய்ந்துவிட்டது. மாற்று மூட்டு வைக்க வேண்டும், பொங்கல் கழித்து வாருங்கள் என்று நாகர்கோவிலில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே தொடை பலப்பட வேண்டும் என்று வாரக்கடைசியில் வீடியோ போட்டு அவனைக் கட்டிலில் உட்கார வைக்கிறாள். “மாமா, குதிகாலுக்குக் கீழ துண்டைச் சுருட்டி வைங்க. முட்டைக் கீழ அழுத்துங்க. பிடிங்க. விடாதீங்க.” அவன் பல்லைக் கடிப்பது இங்கே தெரிகிறது. ஜனவரிக்கு அவளுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. முதல் சில வாரம் காலை நீட்டிப் பழகாவிட்டால் அப்புறம் நீட்டுவது பெரும்பாடு, ஊரில் எல்லோரும் பாவம் பார்த்து விட்டுவிடுவார்கள், நான் பக்கத்தில் இருந்தால்தான் சரிப்படும் என்கிறாள்.